காசிக்குப் போன கணக்கு

ஆரணியில் நாம் குடியிருக்கும் தெருவில் பட்டு நெய்யும் பெரியவர் ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசியில், நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினார். மார்கழியில் மனைவியுடன் காசிக்கும் கயைக்கும் போய்வர எண்ணியிருந்தார். கூட்டல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும் என்பதே அவர் கேட்டது. ரயில், தங்கல், சாப்பாடு, கங்கையில் படகு, திதி, புரோகிதர் தட்சணை, கம்பளி, மாத்திரை, உறவினருக்குக் கங்கைச் செம்பு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார். கடைசி வரியில் ‘தறி – 14’ என்றிருந்தது.

“இது என்னங்க ஐயா?”

“பதினாலு நாள் தறி நிக்கும் சார். எனக்குப் பாவு, அவளுக்கு நூலு. ரெண்டு பேர் கையும் நின்னா அந்தக் கூலியும் செலவுதானே?”

பயண இலக்கியத்தை வகுப்பில் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறோம். நடை, வருணனை, காலச்சூழல், ஆசிரியரின் நோக்கு எல்லாவற்றையும் பற்றிப் பேசியிருக்கிறோம். ‘அவர் போய்வந்த நாள்களில் அவர் வீட்டுத் தறி எத்தனை நாள் நின்றது?’ என்று ஒரு நூலையும் பார்த்து நாம் கேட்டதில்லை. அந்தக் கடைசி வரியை மனத்தில் வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டிலிருந்து வடக்கே போனவர்களின் கணக்குகளைத் திரும்பப் புரட்டியதன் விளைவு இக்கட்டுரை.

நம்மிடம் உள்ள மிகப் பெரிய வடதிசைப் பயணக் கணக்கு ஓர் காப்பியத்தில் இருக்கிறது. கண்ணகிக்குக் கல்லெடுக்கச் சேரன் செங்குட்டுவன் இமயம் நோக்கிச் செல்லும்போது, நீலகிரியில் பாசறை அமைத்திருந்த அவனிடம் சஞ்சயன் என்பவன் வருகிறான். நூற்றுவர் கன்னர் அனுப்பிய வரிசைப் பொருள்களை இளங்கோவடிகள் எண்ணிச் சொல்கிறார்: ஆடல்மகளிர் 102 பேர், இசைக்கலைஞர் 208 பேர், நகைவேழம்பர் 100 பேர், தேர் 100, யானை 500, குதிரை 10,000, வண்டி 20,000. அந்த வண்டிகளில் இன்ன சரக்கு என்று தெரியும்படி எழுத்துப் பொறித்திருந்தது என்பதையும் அடிகள் விடவில்லை. ரயில் நிலையத்தில் மூட்டைகளின்மேல் ஒட்டப்படும் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குக் கால்கோட் காதை நினைவுக்கு வருவதுண்டு. செங்குட்டுவன் அந்தக் கன்னரிடம் வேண்டியதோ கங்கையைக் கடக்க ஓடங்கள் மட்டுமே. வஞ்சியை விட்டு நீங்கி 32 திங்கள் ஆயிற்று என்று கணி அவனுக்கு நினைவூட்டுகிறான். மாடலனுக்கு அரசன் தன் எடைக்கு எடை 50 துலாம் பொன் கொடுக்கிறான். கல்லைச் சுமந்து வந்த செலவு கனக விசயர் தலையில் விழுந்தது. அரசனின் பயணத்தில் சுமை எப்போதும் வேறொருவர் தலையில் என்பதைக் காப்பியமே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

இதற்கு நேர் எதிரானது அப்பரின் கயிலைப் பயணம். பெரியபுராணம் சொல்லும் அந்தக் கதையில் பல்லக்கும் இல்லை, பணமும் இல்லை. பாதம் தேய்ந்தபின் கையால் தாவி, கை தேய்ந்தபின் மார்பால் உந்தி, அதுவும் இயலாதபோது புரண்டு போகிறார். உறுப்பு உறுப்பாகச் செலவழிகிறது. பிறகு ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுகிறார். வடக்கு நோக்கிப் போகும் ஏழைக்கு உடம்பே கைமுதல் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழகம் அறிந்திருந்தது என்றே நாம் இதைப் படிக்கிறோம்.

திருமணத்தில் ‘காசி யாத்திரை’ நடத்தும் வீடுகளில் மாப்பிள்ளை கையில் குடையும் தடியும் புத்தகமும் விசிறியும் இருக்கும், காலில் பாதரட்சை இருக்கும். யாத்திரைக்குரிய மூட்டைப் பட்டியல் அப்படியே சடங்கில் தங்கிவிட்டது. அதில் பணப்பை மட்டும் இல்லை. நாலு எட்டு வைப்பதற்குள் மாமனார் வந்து திருப்பி அழைத்துவிடுவார் என்பது தெரியுமாதலால் தேவைப்படவில்லை போலும்.

கதைகளை விட்டு ஆவணங்களுக்கு வருவோம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1820 முதல் 1822 வரை காசி யாத்திரை செய்தார். உடன் சென்றவர்கள் ஏறத்தாழ 3000 பேர். ஓர் ஊரே எழுந்து நடந்தது போன்றது அது. ஆனால் அந்த மன்னரிடம் அப்போது நாடு இல்லை. 1799 உடன்படிக்கையின்படி ஆட்சி கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நிலவருவாயில் செலவு போக ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு என்று முடிவாகியிருந்தது. ஒரு வராகன் மூன்றரை ரூபாய் என்ற கணக்கில் அந்த வராகன் மட்டும் மூன்றரை லட்சம் ரூபாய். ஆள வேலையில்லாத அரசருக்கு இரண்டாண்டுக் காலம் ஊரில் இல்லாததால் நின்றுபோகும் தறி எதுவுமில்லை. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. நூல்களைத் தேடித் தொகுத்த அந்த மனிதரிடம் நமக்குப் பெருமதிப்பு உண்டு. கணக்கு அப்படி இருக்கிறது.

அரசருக்கும் ஆண்டிக்கும் இடைப்பட்ட ஒருவரின் பயணம்தான் நம் பெரியவரின் நோட்டுக்கு அருகில் வருகிறது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் துபாஷியாக இருந்த ஏனுகுல வீராசாமி ஐயர் 1830 மே 18இல் தண்டையார்பேட்டையிலிருந்து புறப்பட்டார். தாயும் மனைவியும் உள்ளிட்டு ஏறத்தாழ நூறு பேர் உடன் சென்றனர். திருப்பதி, கடப்பை, ஸ்ரீசைலம், ஐதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியாகப் பிரயாகையும் காசியும் கயையும் கண்டு, கங்கையின் போக்கோடு படகில் இறங்கிக் கல்கத்தா சேர்ந்து, பூரி வழியாகக் கீழைக் கடற்கரையைத் தொட்டுக்கொண்டு 1831 செப்டம்பர் 3இல் திரும்பினார். மொத்தம் 473 நாள். வழியிலிருந்து அவர் தெலுங்கில் எழுதியனுப்பியவற்றை, சென்னையில் இருந்த நண்பர் கோமளேசுவரன்பேட்டை சீனிவாசப் பிள்ளை 1838இல் ‘காசி யாத்திரா சரித்திரம்’ என்று அச்சிட்டார். அதற்குள் ஐயர் காலமாகிவிட்டார்.

இந்நூலைப் பக்திக்காகப் படிப்போர் சற்று ஏமாற்றம் அடைவர். ஒவ்வொரு தங்கலிலும் நல்ல தண்ணீர் உண்டா, கடை உண்டா, என்ன பண்டம் கிடைக்கும், சாலை எப்படி, ஆற்றைக் கடக்க வழி என்ன என்று ஐயர் குறித்துக்கொண்டே போகிறார். அடுத்துப் போகிறவன் ஏமாறக்கூடாது என்ற கவலை வரிக்கு வரி தெரிகிறது. நம் கருத்தில் இதுவே அந்நூலின் பெருமை. கோபுரங்களை வருணிக்க எத்தனையோ பேர் உளர். நூறு பேருக்கு அரிசி கிடைக்கும் ஊர் எது என்று எழுதிவைக்க ஒருவர்தான் வேண்டும்.

அக்காலத்துப் பயணிக்கு இருந்த முதல் தலைவலி நாணயம். நம் அண்டை ஊரான ஆற்காட்டின் பெயரால் வழங்கிய வெள்ளி ரூபாயை ஆங்கிலேயரும் அடித்தனர், பிரெஞ்சுக்காரரும் அடித்தனர். வெகுதூரத்து வங்காளத்திலும் அது செலாவணியானது. ஆனால் சென்னையிலிருந்து வடக்கே போக நிசாமின் நாட்டையும் நாகபுரிப் போன்ஸ்லேயின் நாட்டையும் கடக்க வேண்டும். ஒவ்வோர் அரசுக்கும் ஒரு ரூபாய் இருந்தது. கம்பெனிக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. சென்னை ரூபாயின் எடை 180 கிரெயின், கல்கத்தா சிக்கா ரூபாயின் எடை 192 கிரெயின். எல்லையைத் தாண்டும்போதெல்லாம் சராப்பு முன்னால் உட்கார்ந்து வட்டம் கொடுக்க வேண்டும். மூட்டையில் இருக்கும் பணம் செலவழிக்காமலே தேய்ந்துகொண்டு வரும். கம்பெனி நாடு முழுவதற்கும் ஒரே ரூபாய் என்ற சட்டம் 1835இல்தான் வந்தது. ஐயர் ஊர் திரும்பி நான்கு ஆண்டு கழித்து.

இரண்டாவது, வரி. இது நாம் வகுப்பில் சொன்னால் மாணவர் நம்ப மறுக்கும் செய்தி. பிரயாகையிலும் கயையிலும் பூரியிலும் யாத்திரிகரிடம் கம்பெனி அரசு வரி தண்டியது. 1810ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி பிரயாகையில் நடந்து வருகிறவனுக்கு 1 ரூபாய், குதிரையிலோ பல்லக்கிலோ வந்தால் 2 ரூபாய், ஒட்டகத்தில் வந்தால் 3, யானையில் வந்தால் 20. பூரியில் இன்னும் நுணுக்கம். யாத்திரிகரை வகுப்புகளாகப் பிரித்திருந்தனர். முதல் வகுப்பினர் வடக்கிலிருந்து வந்தால் 10 ரூபாய், தெற்கிலிருந்து வந்தால் 6 ரூபாய். இரண்டாம் வகுப்பு முறையே 5, 3. அதற்கும் கீழே 2 ரூபாய். பரதேசிகளுக்கு விலக்கு உண்டு. அந்நாளில் கம்பெனிச் சிப்பாயின் மாதச் சம்பளம் 7 ரூபாய் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால்தான் இந்த எண்களின் கனம் தெரியும். ஒரு சிப்பாய் தன் தாயை முதல் வகுப்பில் ஜகந்நாதரைக் காண அழைத்துச் சென்றால் அம்மாதச் சம்பளத்தில் மிஞ்சுவது ஒரு ரூபாய். இறைவனைக் காணச் சீட்டு வாங்குவது நம் காலத்துக் கொடுமை என்று குறைப்படுகிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கலாம். இங்கிலாந்திலிருந்து வந்த பாதிரிமார் இவ்வரியைக் கடுமையாக எதிர்த்தனர். யாத்திரிகர் மீதுள்ள இரக்கத்தைக் காட்டிலும், கிறித்தவ அரசு விக்கிரக வழிபாட்டால் வருவாய் பெறுவதா என்ற கூச்சமே அவர்களை உந்தியது. காரணம் எதுவாயினும் 1840இல் வரி ஒழிந்தது.

மூன்றாவது, கூலி. நூறு பேர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பல்லக்குத் தூக்குகிறவர், மூட்டை சுமப்பவர், கூடாரம் அடிப்பவர், சமைப்பவர் எல்லாரும் அதில் அடக்கம். அவர்களும் காசிக்குத்தான் போனார்கள். அதே சாலை, அதே கங்கை, அதே படகு. ஆனால் ‘காசி யாத்திரை செய்தவர்’ என்று வரலாறு எழுதியது ஒருவரைத்தான். மற்றவர் அனைவரும் செலவுக் கணக்கில் வருகிறார்கள்.

இவ்வளவு செலவையும் தனியொருவர் தாங்க முடியாது என்பதைத் தமிழர் முன்பே உணர்ந்து அதற்கு ஒரு வழியும் கண்டிருந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசியில் கேதார கட்டத்தருகே மடம் நிறுவினார். அதன் மரபில் வந்த திருப்பனந்தாள் காசிமடத்தின் வழியாகக் காவிரிக்கரை நிலங்களின் விளைச்சல் கங்கைக்கரையில் அறமாக மாறியது. இங்கே நெல் அறுத்தால் அங்கே இலை விழும். நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863இல் காசியில் சத்திரம் அமைத்தனர். பிரயாகையிலும் கயையிலும் அவர்களுடைய சத்திரங்கள் எழுந்தன. விசுவநாதர் கோயிலுக்கு நாள்தோறும் பூசைப்பொருள்களை ‘சம்போ’ என்று முழங்கி ஊர்வலமாகக் கொண்டுசெல்லும் அவர்களது கட்டளை இன்றும் நடக்கிறது. அவர்கள் நிலத்தில் ஒரு பகுதி ஆக்கிரமிப்பில் சிக்கிப் பின்பு மீட்கப்பட்டு, அங்கே 2025இல் புதிய சத்திரம் திறக்கப்பட்டது. வட்டிக் கணக்கில் வல்லவர்கள் என்று பெயரெடுத்த ஒரு சமூகம், முன்பின் அறியாதவன் காசியில் ஓர் இரவு தங்குவதற்கான செலவை அவன் பிறக்கும் முன்பே கட்டிவைத்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. சத்திரம் கிடைக்காதவர்க்கு உறவினர் வீடு. 1898இல் தந்தையை இழந்த பாரதி அனுமான் கட்டத்தில் அத்தை வீட்டுக்குப் போனதும் அப்படித்தான்.

பிறகு ரயில் வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1இல் இராயபுரத்திலிருந்து ஓடி நின்ற இடம் வாலாஜா ரோடு. ஆரணியிலிருந்து மாட்டுவண்டியில் ஓர் இரவுப் பயணம். 1870இல் பம்பாயும் கல்கத்தாவும் அலகாபாத் வழியாக இணைந்தன. 1871இல் சென்னைப் பாதை இரெய்ச்சூரில் பம்பாய்ப் பாதையைத் தொட்டது. 1887இல் காசியில் கங்கைக்குக் குறுக்கே பாலம் திறந்தார்கள். மாதக்கணக்கு நாள்கணக்காயிற்று. கோவையில் ‘கலாநிதி’ இதழ் நடத்திய சேலம் பகடாலு நரசிம்மலு நாயுடு 1889இல் ‘ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்’ என்ற நூலை வெளியிட்டபோது, அதைப் படித்துவிட்டுத் தானும் போகலாம் என்று எண்ணக்கூடிய வாசகர் கூட்டம் உருவாகியிருந்தது. பல்லக்குத் தூக்கிகளின் கூலி செலவுப் பட்டியலிலிருந்தே மறைந்தது.

ரயில் காலத்தின் மிகச் சிக்கனமான கணக்கு காந்தியினுடையது. 1902இல் கல்கத்தாவிலிருந்து ராஜ்கோட்டுக்கு மூன்றாம் வகுப்பில் போகும்போது காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பாலன்பூர் ஆகிய ஊர்களில் ஒவ்வொரு நாள் இறங்கினார். பன்னிரண்டு அணாவுக்கு ஒரு பை வாங்கினார். உணவுப் பாத்திரத்தைப் பூரியால் நிரப்பிக் கோகலே கொடுத்தார். பயணம் முழுவதற்கும் கட்டணம் உட்பட 31 ரூபாய்க்கு மேல் ஆகவில்லை என்று சத்திய சோதனையில் எழுதுகிறார். பண்டாவிடம் தன்னால் ஒன்றேகால் ரூபாய்க்கு மேல் தரமுடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். ஞானவாபியில் ஒரு தம்பிடி போட, அங்கிருந்தவர் சினந்து சபிக்கிறார். திட்டமிட்ட செலவில் காசியில் திருப்பம் நேர்வது தட்சணையில்தான் என்பதைப் போய்வந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இன்று அதே ஆற்றில் வேறொரு கணக்கும் ஓடுகிறது. 2023 ஜனவரி 13இல் காசியிலிருந்து ‘கங்கா விலாஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டு, வங்கதேசம் வழியாக அசாமின் திப்ருகர் வரை 51 நாளில் 3200 கிலோமீட்டர் சென்றது. பயணிகள் 36 பேருக்கே இடம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 25,000 ரூபாயும் அதற்கு மேலும் என்று அப்போது செய்தி வந்தது. அதே 25,000 ரூபாய் இன்னொரு பட்டியலிலும் வருகிறது. தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையத் துறை 2022-23இல் இராமேசுவரத்திலிருந்து காசிக்கு 200 பேரை அரசுச் செலவில் அனுப்பியது. ஒதுக்கிய தொகை 50 லட்சம். அதாவது ஒருவரின் முழு யாத்திரைக்கும் 25,000. அறுபதிலிருந்து எழுபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது அது. நம் பெரியவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு.

கயிலை என்றால் கணக்கே வேறு. இந்திய அரசு நடத்தும் மானசரோவர் யாத்திரை ஐந்தாண்டு நின்று 2025இல் மீண்டும் தொடங்கியபோது 750 பேருக்கு இடம். லிபுலேக் கணவாய் வழியாக ஏறத்தாழ 1 லட்சத்து 74 ஆயிரம், நாதூலா வழியாக 2 லட்சத்து 83 ஆயிரம். மூன்று வாரம். டோல்மா கணவாயில் 5600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மூச்சுக்கும் முழங்காலுக்கும் மருத்துவர் சான்று தர வேண்டும். அப்பரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. தமிழ்நாட்டரசு 2012 முதல் மானியம் தருகிறது. தொடக்கத்தில் 40,000, பின்னர் 50,000. ஆனால் போய்வந்த பின்புதான் அதற்கு விண்ணப்பிக்க இயலும். முன்பணம் புரட்ட முடிந்தவருக்கே பின்பணம் கிடைக்கிறது. இத்திட்டத்தை வகுத்தவர்களின் நல்லெண்ணத்தை ஐயுறவில்லை. எனினும் தறிக்காரர் ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டியிருந்தால் ஒரே நொடியில் குறையைச் சொல்லியிருப்பார்.

நம் பெரியவர் மார்கழியைத் தேர்ந்ததற்கும் காரணம் இருந்தது. அம்மாதம் முகூர்த்தம் இல்லை. தைக்குரிய சேலைகளைக் கார்த்திகைக்குள் அறுத்துக் கொடுத்துவிட்டால் புதுப் பாவு ஏற்றும் வரை தறி எப்படியும் சற்று ஓயும். அந்த ஓய்வுக்குள் காசியை நுழைத்திருந்தார். கூட்டலில் பிழை எதுவும் இல்லை. ஒரேயொரு திருத்தம் சொன்னோம்: கம்பளிக்கு எழுதிய தொகை போதாது.

தை பிறந்தபின் வந்தார். கங்கைச் செம்பும் விபூதியும் கொடுத்தார். காசியில் பட்டுத் தறி ஓடும் சந்து ஒன்றில் அரை நாள் நின்றுவிட்டதாகவும், வீட்டம்மா கோபித்துக்கொண்டதாகவும் சொன்னார். அவர்கள் ஊடையில் சரிகை போடும் விதத்தைக் கையை அசைத்துக் காட்டினார். பிறகு நோட்டை எடுத்தார். தட்சணையில் சிறிது ஏற்றம், சாப்பாட்டில் சிறிது இறக்கம். மூடுபனியில் திரும்பும் ரயில் கெட்டுப்போய், இங்கே இணைப்பு வண்டியும் தவறியதில் ‘தறி – 14’ அடிக்கப்பட்டு ‘16’ ஆகியிருந்தது.

வீராசாமி ஐயரைப் பற்றி அவருக்குச் சொன்னோம். நூறு பேர், பல்லக்கு, படகு, வரி எல்லாவற்றையும் அக்கறையோடு கேட்டார்.

“அவருக்குத் தறி எத்தனை நாள் நின்னுது சார்?”

473 நாள் என்றோம். கோர்ட்டில் விடுப்பு வாங்கிக்கொண்டு போனவர் என்பதையும் சொன்னோம்.

“லீவா? அப்போ நிக்கல” என்று சிரித்தார். நோட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டார். பாவு ஏற்ற ஆள் வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.